துட்டி வீட்டு வைவா

பரமசிவன் செத்த அன்றைக்குச் சாயங்காலமே அவருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார்கள். உடம்பில் இல்லை, ஃப்ளெக்ஸ் போர்டில். ஆயுசு முழுக்கக் கைவைத்த பனியனும் கட்டம் போட்ட சாரமுமாகத் தறிக்கொட்டகையில் நின்ற மனுசன். அவருடைய தலையை யாரோ ஒருவர் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்து, கழுத்துக்குக் கீழே வேறொரு ஆளை ஒட்டியிருந்தார்.

"கோட்டு நீலமா, கறுப்பா அண்ணாச்சி?" என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்டார்.

"கறுப்பே போடும் வே. துக்க காரியம்லா" என்றார் இசக்கித்துரை. செத்தவருக்கு உடன்பிறந்த அண்ணன். குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகத்தில் இருந்துதான். செயலாளராக இருப்பதை அவர் இன்னும் விடவில்லை. சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா இருக்கும். யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்து, "தீர்மானம் என்ன?" என்பார்.

போர்டு கழுகுமலை ரோட்டு முக்கில் ஏறியது. மேலே 'மண்ணைவிட்டு விண்ணாளப் போன மாமனிதரே'. கீழே கண்ணீரில் வாடுவோர். முதல் பெயர் இசக்கித்துரையுடையது. செத்தவர் பெயரைவிட ஒரு சுற்று பெரிய எழுத்து. அடுத்து அவர் மகன் வேல்ராஜ், பி.இ. வேல்ராஜின் பி.இ.யில் பாதி இன்னும் கல்லூரியிலேயே கிடக்கிறது. எழுதி வாங்கிவர அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. கடைசியாக, ஒரே மகள் தேன்மொழி, எம்.எஸ்சி., கம்ப்யூட்டர் சயின்ஸ்.

தேன்மொழி இன்னும் எம்.எஸ்சி. ஆகவில்லை. வைவா பாக்கி. வருகிற புதன்கிழமை திருநெல்வேலியில், கல்லூரியில்.

இந்த வைவாதான் விவகாரம்.

பரமசிவன் கரிசல் காட்டை நம்பி நாலைந்து வருசம் வானத்தைப் பார்த்துவிட்டு, கழுத்து வலித்ததும் சங்கரன்கோவிலுக்குத் தறிக்கூலியாக வந்தவர். கூலியாக இருந்து, யாரோ கழித்துப் போட்ட பழைய விசைத்தறிகளை ஒவ்வொன்றாக வாங்கி, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். முதலாளி பாவும் நூலும் கொடுப்பார். சேலை நெய்து கொடுத்தால் கூலி. தார்க்குச்சியில் நூல் சுற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது, நெய்ததை மடிப்பது எல்லாம் கோமதித்தாய். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறி உண்டு. சாதாரணமாகப் பேசினாலும் அங்கே சண்டை பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும். பக்கத்து ஊரில் பெண் எடுத்தால் புது மருமகள் முதல் மாதம் அழுவாள். எல்லாரும் தன்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த இரைச்சலில் உட்கார்ந்துதான் தேன்மொழி படித்தாள். ப்ளஸ் டூ, பி.எஸ்சி., பிறகு தினமும் திருநெல்வேலிக்குப் பஸ்ஸேறி எம்.எஸ்சி. கடைசி செமஸ்டருக்கு ப்ராஜெக்ட் செய்யவேண்டும். அவள் வகுப்பில் பாதிப் பேர் அதை மதுரையில் ஒரு கடையில் வாங்கினார்கள். சட்டை எடுப்பது மாதிரி அளவு சொன்னால் போதும், பைண்டிங்கோடு கிடைக்கும். மூன்று பேர் ஒரே கடையில் எடுத்ததால், முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு போடும் ஒரே மென்பொருள் மூன்று பெயரில் வந்தது. அதிலொன்றில் நாலாம் பக்கத்தில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் பெயர் அழியாமல் இருந்தது.

தேன்மொழி தானே செய்தாள். குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் தறி தன்னால் நிற்கவேண்டும். பழைய தறி நிற்காது. நூல் இல்லாமலே நாடாக் கட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும், துணியில் சந்து விழும், முதலாளி கூலியில் பிடிப்பார். நூலோடு ஓடுகிற தறிக்கு ஒரு சத்தம், வெறுமனே ஓடுகிற தறிக்கு வேறு சத்தம். செல்போனைத் தறிமேல் வைத்தால் அது கேட்டுக்கொண்டே இருந்து, ஊடை அறுந்த நொடியில் மணியடிக்கும். அதுதான் ப்ராஜெக்ட். மாதக்கணக்காகத் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி, இது நல்ல சத்தம், இது கெட்ட சத்தம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சென்னையில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. ஆனி மாதம் சேரவேண்டும். படிப்பு முடிந்திருக்கவேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

சித்திரை வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பரமசிவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாவுக் கட்டையில் சாய்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. தெரு முழுக்கத் தறியை நிறுத்தினார்கள். எடுத்த பிறகு மறுநாள் ஒவ்வொரு வீடாக மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்த வீட்டில் மட்டும் பதினாறாம் நாள் விசேஷம் முடியாமல் சுவிட்சைப் போடக்கூடாது. ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தது வேல்ராஜ்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேன்மொழி நடைவாசலில் வந்து நின்றாள்.

"பெரியப்பா."

"என்னட்டி?"

"புதன்கிழமை எனக்கு வைவா. காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்துருவேன்."

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "வைவான்னா என்னவே?" என்று வேல்ராஜைக் கேட்டார். படித்தவன் அவன்தானே.

"நாம செஞ்சத நாமதான் செஞ்சோமான்னு கேப்பாவ மாமா. எனக்கு அதுதான் ஒத்து வரல."

இசக்கித்துரை தொண்டையைச் செருமினார். "ஏட்டி, பால் தெளிச்ச சாம்பல் இன்னும் ஆறல. விசேஷத்துக்கு முன்ன தலைவாசல் தாண்டுனா ஊரு என்ன பேசும்? அப்பன் செத்தான், மக பைய மாட்டிக்கிட்டு டவுனுக்குப் போயிட்டான்னு பேசும். நாளைக்கு ஒன்னய ஒருத்தன் பொண்ணு கேட்டு வரணுமா, வேண்டாமா?"

"விட்டா அடுத்த வருசம்தான் பெரியப்பா. வெளிய இருந்து பரீட்சை எடுக்குறவர் ஒரு நாள்தான் வருவாரு. வேலைக்குச் சேரும்போது படிப்பு முடிஞ்சிருக்கணும்னு சொல்லியிருக்காவ."

"படிக்குறது கம்ப்யூட்டர்தானே?"

"ஆமா."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர்லயே மூஞ்சியக் காட்டிப் பேசிற வேண்டியதானே? கொரோனா காலத்துல ஒண்ணாங் கிளாஸ் பிள்ள கூட வீட்டுல இருந்துதான படிச்சுது?"

நியாயமான கேள்வி. தேன்மொழியும் அதைக் காலையிலேயே கேட்டிருந்தாள். அவளுக்கு வழிகாட்டியான பிரியதர்ஷினி மேடம் துறைத்தலைவருக்குப் போன் போட்டுக் கேட்டு, பதில் சொல்லக் கூச்சப்பட்டுச் சொன்னார். நேரில் வருவதுதான் விதி. அதுபோக, வைவா நடக்கிற கூடத்தில் வைஃபை எடுக்காது.

அதை அப்படியே சொன்னாள்.

"அது சரி" என்றார் பெரியவர். "கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குற எடத்துல கம்ப்யூட்டரு எடுக்காதாக்கும். எங்கூருத் தண்ணித்தொட்டி மாதிரி."

பந்தலில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சாவு விழுந்த துட்டி வீடு என்பது உறைத்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"நம்பரக் குடு" என்றார் இசக்கித்துரை. "அந்தத் தலைவருக்கு நான் போடுதேன். சங்கத்துச் செயலாளர் பேசுதேன்னா கேப்பாரு. எத்தன கலெக்டரப் பாத்தவன் நான்."

போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "வணக்கம், நான் இசக்கித்துரை, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் பேசுதேன். எங்க தம்பி மக..." அவ்வளவுதான். அந்தப் பக்கம் கட் ஆகிற 'டொக் டொக்' சத்தம் நடைவாசலில் நின்ற தேன்மொழிக்கே கேட்டது. இசக்கித்துரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "சரி... சரி... அப்படியா... பாத்துச் செய்ங்க... வணக்கம்" என்று ஆளில்லாத போனில் பேசி முடித்து, மடியில் வைத்தார்.

"பேசிட்டேன். பாத்து வேற தேதி போடுதேன்னுருக்காரு. நீ உள்ள போ."

அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. பந்தல் கம்பைப் பார்த்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் நடுவில், தம்பியைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற ஒரு மனுசனை அதற்கு மேல் உரிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் கோமதித்தாய் புறவாசல் கல்லில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். துட்டி வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்பதால் பாத்திரத்தில் பிசுக்கே இல்லை. இருந்தாலும் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு வேறு வேலை இல்லை. பக்கத்து வீட்டுத் தறிகள் சுவரை அதிர வைத்தன.

"பெரியத்தான் போன்ல பேசலட்டி" என்றாள், தலையைத் தூக்காமல்.

"தெரியும்மா."

"எனக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து பாக்கேன். பொய் சொல்லும்போது கடைசியில ஒரு வணக்கம் போடுவாரு."

தேன்மொழி பக்கத்தில் உட்கார்ந்து கழுவியதைக் கவிழ்த்தாள்.

"போவலன்னா என்ன ஆவும்?"

"ஒரு வருசம் போவும். அந்தக் கம்பெனி வேற ஆள எடுத்துக்கிடும்."

"போனா?"

"ஊரு பேசும்."

"ஊரு இப்ப மட்டும் வாயில தண்ணிய வச்சுக்கிட்டா இருக்கு?" கோமதித்தாய் சட்டியைத் தண்ணீரில் முக்கினாள். "நாலு தறிய என்னால தனியா ஓட்ட முடியாது தேனு. ஒண்ணு ஓட்டுவேன். இழுத்துப் பிடிச்சா ரெண்டு. கண்ணு இப்பவே அந்தியில மங்குது. பெரியத்தான் விசேஷம் முடிஞ்சதும் நாற்காலிய மடக்கி வச்சுட்டு ஊருக்குப் போயிருவாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. அவரு போயித்தான் ஆவணும். பெறவு இங்கன நாம ரெண்டு பேருதான்."

"அதுக்கு என்ன செய்ய?"

"இன்னைக்கு வாரவ வருவாளுவ. நாளைக்குச் செவ்வாய், ஒருத்தரும் துட்டிக்கு வரமாட்டாவ. அதனால புதன்கிழமை கூட்டம் கூடும். ஒங்கப்பா ஊருல இருந்து பொம்பளையாளுவ வேன் பிடிச்சுக் காலையிலேயே வாராளுவளாம்." தண்ணீரைக் கொட்டினாள். "அத வச்சுத்தான் பாக்கணும்."

புதன்கிழமை விடிந்து வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. தெருமுனையிலேயே இறங்கி, தலைமுடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு, "ஏ என் ராசா" என்று ஒப்பாரி எடுத்தபடி வந்தார்கள். வீட்டுக்குள் கோமதித்தாயைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுதார்கள். பரமசிவன் ஆடு மேய்த்தது, கிணற்றில் குதித்துப் பல் உடைந்தது, ஊரைவிட்டுப் போனபோது திரும்பிப் பார்க்காமல் போனது எல்லாம் பாட்டாக வந்தது. அழுகை ஓய்ந்து மூக்கைச் சிந்தி, கொண்டுவந்த அரிசியையும் காய்கறியையும் எடுத்து வைத்துவிட்டுப் பைகளை மடித்தார்கள்.

கோமதித்தாய் மகளை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனாள். தன்னுடைய சாயம் போன நூல்சேலை ஒன்றைக் கொடுத்து உடுத்தச் சொன்னாள். லேப்டாப்பையும் பைண்டு செய்த புத்தகங்களையும் ஒரு துண்டில் சுற்றி, ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு காலித் தூக்குச்சட்டியைக் கவிழ்த்தாள். பார்த்தால் துட்டிக்கு வந்தவள் பைதான்.

"அவளுவ எந்திரிக்கும்போது நீயும் எந்திரி. நடுவால நட."

"பெரியப்பா பந்தல்ல இருக்காரேம்மா. என்னன்னு சொல்லிட்டுப் போவ?"

"என்னத்தச் சொல்ல? துட்டி வீட்டுல இருந்து யாருட்டி சொல்லிட்டுப் போறா?"

உண்மைதான். கல்யாண வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு 'போயிட்டு வாரேன்' என்று பத்துப் பேரிடம் சொல்லாமல் வந்தால் கோபித்துக்கொள்வார்கள். துட்டி வீட்டில் அந்த வார்த்தையை வாயில் எடுக்கக்கூடாது. வந்தது தெரியலாம், போவது தெரியக்கூடாது. எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலைத் தாண்டிவிட வேண்டும். வீட்டுக்காரர்களும் 'கிளம்பிட்டீயளா' என்று கேட்கமாட்டார்கள். போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடுவது அதைவிடப் பெரிய பாவம். கூப்பிட்டால் இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி.

பெண்கள் எழுந்தார்கள். தேன்மொழி முக்காட்டை இழுத்துவிட்டு நடுவில் சேர்ந்துகொண்டாள். பந்தலைத் தாண்டும்போது இசக்கித்துரை எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டார். அதுதான் மரியாதை. ஒவ்வொருத்தியாகக் கடந்து போனாள். நாலாவதோ ஐந்தாவதோ போனவளுடைய காலைப் பார்த்தார். தம்பி மகளின் காலைத் தெரியாதா அவருக்கு? குழந்தையில் அந்தக் கால் ரெண்டும் அவர் நெஞ்சில் மிதித்து ஏறியிருக்கிறது.

வாய் திறந்தது. "ஏட்..." என்று பாதி வந்தது.

மீதி வரவில்லை. துட்டி வீட்டு வாசலைத் தாண்டிவிட்ட ஒருத்தியை, அதுவும் அந்த வீட்டு வாரிசை, பேர் சொல்லிப் பின்னால் கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை. எந்தச் சாஸ்திரத்தை எடுத்து அவளைக் கட்டிப் போட்டாரோ அதுவே அவர் வாயையும் கட்டியது. கட்டின கையை அவிழ்க்காமல் நின்றார். பிறகு வேல்ராஜைப் பார்த்து, "தண்ணி கொண்டா" என்று அதட்டினார்.

வேனில் ஏறியதும் பக்கத்தில் இருந்த அம்மா முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். "நீ பரமசிவன் மகதான?"

"ஆமா."

"எங்கன போற?"

"பரீட்சைக்கு."

அந்த அம்மா மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். ஒருத்தி, "ஏ டிரைவரு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டுப் போ" என்றாள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது அந்த அம்மா மட்டும், "கெழக்க ஒக்காராத, வெயிலு மண்டையப் பொளந்துரும்" என்றாள்.

திருநெல்வேலி பஸ் காய்ந்த காட்டுக்கு நடுவே போனது. உழுது போட்ட கரிசல் வாய் பிளந்து கிடந்தது. தேவர்குளம் தாண்டிக் காற்றாடிகள் சுற்றாமல் நின்றன. தேன்மொழி பையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லவேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முன்னுரை வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. வீட்டிலிருந்து தூக்கியபோது அப்பாவின் கால் கட்டைவிரலைக் கட்டியிருந்த துணி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அது அவர் நெய்த சேலையின் ஓரத்துணி.

கல்லூரி வாசலில் ஜஸீமா நின்றாள். புளியங்குடிக்காரி, கூடப் படிப்பவள். எலுமிச்சம்பழத்தைப் போட்டோ எடுத்தால் முதல் தரமா இரண்டாம் தரமா என்று சொல்லும் ப்ராஜெக்ட் அவளுடையது. கையில் ஒரு பை எலுமிச்சம்பழம் இருந்தது. தேன்மொழியின் எண்ணெய் காணாத தலையையும் நூல்சேலையையும் பார்த்து, பையைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

"வரமாட்டேன்னு நெனச்சேன்டி."

"நானும்தான்."

"சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"பசிக்காட்டியும் தின்னு. உள்ள மயங்கி விழுந்தா அதுக்கும் மார்க்கு கொறைப்பாங்க." டிபன் டப்பாவில் இருந்த இடியாப்பத்தை ஒரு வாய் ஊட்டியே விட்டாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் துறைத்தலைவர் அறையில் முந்திரிப்பருப்பு தின்றுகொண்டிருந்தார். பெரிய மனிதர் என்பதற்கு அடையாளமாக அரை மணி தாமதமாகக் கூடத்துக்கு வந்து, 'புதுமை' என்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பழைய பாதையில் நடக்கக்கூடாது என்றார். பிறகு, விதிப்படி ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் குறுந்தகடு ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அந்தத் துறையில் இருந்த எந்தக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுப் பார்க்க வழி கிடையாது. இருந்தாலும் ஒட்டவேண்டும். புதுமைக்கும் ஒரு சடங்கு வேண்டாமா?

முகம் பார்க்கும் மென்பொருள்கள் மூன்றும் போயின. மூன்றையும் "குட்" என்றார். ஜஸீமாவின் எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இதெல்லாம் திரும்ப எடுத்துட்டுப் போவீங்களா?" என்று விசாரித்தார். அவள் இல்லை என்றாள். முதல் தரம் மட்டும் அவர் பைக்குப் போனது.

தேன்மொழி முன்னால் போய் நின்றாள். சேலையை அவர் ஒரு பார்வை பார்த்தார். மற்றவர்கள் எல்லாம் இஸ்திரி போட்ட உடையில் வந்திருந்தார்கள். பிரியதர்ஷினி மேடம் அவர் காதில் ஏதோ சொல்லக் குனிந்தார். தேன்மொழி, வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள்.

சொல்ல ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. தறி என்று சொல் வந்ததும் நின்றுவிட்டது தடுமாற்றம். எந்தச் சத்தம் எப்படி மாறும், அதை எப்படி எண்ணாக்கினாள், எங்கே தப்பு வந்தது, தப்பை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று சொன்னாள். தேர்வாளர் முந்திரி வாசனையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் தடவையாகக் கேள்வி கேட்டார். பதில் வந்தது. இன்னொன்று கேட்டார். அவர் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. கேட்கத்தக்கது எதிரே வந்து வருசக்கணக்காகியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

"டெமோ காட்டும்மா."

பதிவில் ஒன்றை ஓடவிட்டாள். கூடம் முழுக்கத் தறி ஓடியது. தடக் தடக் தடக் என்று நாடா அங்குமிங்கும் அடிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அதற்கு நடுவே ஓர் ஆண்குரல் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டது. என்னமோ கேட்டது. தேன்மொழி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தறிச் சத்தம் மாறிய அந்த நொடியில் மணி அடித்தது. பதிவு நின்றது.

"வெரி குட்" என்றார் தேர்வாளர். முந்தைய மூன்று 'குட்'டும் வேறு, இது வேறு. "ஆனா ஒண்ணு. டேட்டாவில நாய்ஸ் இருக்கு."

"தறின்னா சத்தம் இருக்கும் சார்."

"தறிச் சத்தத்தைச் சொல்லல. நடுவுல ஒரு ஆள் பேசுறான் பாரு. அந்த மாதிரி வேற பதிவிலயும் இருக்கா?"

"இருக்கு சார். நிறைய."

"அதை முதல்லயே எடுத்திருக்கணும். அடிப்படைப் பாடம் அது. சுத்தம் பண்ணாத டேட்டாவ வச்சு ரிசல்ட் காட்டக்கூடாது." சொன்னது சரிதான். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. "நல்ல வொர்க். கெடுத்துக்காத. அந்தக் குரலை எடுத்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க மேடத்துக்கிட்ட குடு. நான் ஃபுல் மார்க் போட்டுட்டுப் போறேன். முடியுமா, முடியாதா?"

"முடியும் சார். கொஞ்ச நேர வேலைதான்."

"பிறகென்ன?"

தேன்மொழி லேப்டாப்பை மூடினாள். பிரியதர்ஷினி மேடம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கல சார்."

"மார்க் குறையும்."

"குறைச்சுக்கிடுங்க சார்."

தேர்வாளர் அவளையே பார்த்தார். மறுபடி அந்தச் சேலையை, பொட்டில்லாத நெற்றியை, காய்ந்த தலையைப் பார்த்தார். பேனாவைத் திறந்து குனிந்து எழுதினார். எழுதி முடித்து, "போம்மா" என்றபோது குரலில் புதுமை எதுவும் இல்லை. சாதாரண மனுசன் குரலாக இருந்தது.

சங்கரன்கோவிலில் இறங்கும்போது மேற்கே கறுத்துக் கொண்டுவந்து, கோடை மழைக்கு முந்தின புழுதிக் காற்று அடித்தது. பந்தல் துணி படபடத்தது. தேன்மொழி பின்சந்து வழியாக வந்து, புறவாசலில் சேலையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

தறிக்கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இசக்கித்துரை உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் இல்லை, நூல் பெட்டியில். சட்டை இல்லை. நின்றுபோன தறியில் பாதி நெய்த சேலையைக் கைமேல் போட்டுக்கொண்டு, ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். நிழல் தட்டியதும் நிமிர்ந்தார்.

அவள் ஈரத்தோடு நின்றாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றாள்.

"பாஸாட்டி?"

"பாஸ் பெரியப்பா."

"ம்." கைமேல் கிடந்த சேலையை இறக்கிவிட்டார். "அந்த ஆளு போன வச்சுட்டான், கேட்டியா. நான்தான் சும்மா பேசுன மாதிரி..." முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். "தலையத் தொவட்டு. மழைக்காத்து வேற."

அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். கோமதித்தாய் காலை நீட்டி உட்கார்ந்து, அகப்பட்ட பழந்துணியைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் வந்து குந்தியதும், தலையைத் தன் பக்கம் திருப்பி அந்தத் துணியாலேயே துவட்ட ஆரம்பித்தாள்.

"எல்லாம் சொன்னியா?"

"சொன்னேன்."

"முழு மார்க்கா?"

"இல்லம்மா. கொஞ்சம் கொறைச்சுட்டாவ."

"ஏன்? நல்லாத்தானே செஞ்சிருந்த?"

தேன்மொழி தலையைக் குனிந்தபடியே இருந்தாள். "நடுவுல அப்பா பேசிட்டாவ."

துவட்டுகிற கை நின்றது. பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

"ரெக்கார்டிங்லயா?"

"ம்."

"அந்த மனுசன் எங்கன போனாலும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டாவளே" என்றாள் கோமதித்தாய். குரல் பாதியில் சிரிப்பு மாதிரிப் போய், வேறு எங்கோ திரும்பியது. மறுபடி துவட்டினாள். மெதுவாக, ஒரே இடத்திலேயே. "என்ன பேசினாவ?"

"ஒங்களத்தாம்மா கூப்பிட்டாவ. காப்பி கேட்டாவ."

மழை தகரத்தில் பிடித்துக்கொண்டது. கோமதித்தாய் மகள் தலையில் கையை வைத்தபடி இருந்தாள்.

"குடுத்தேனாட்டி?"

"தெரியலம்மா" என்றாள் தேன்மொழி. "அதுக்குள்ள நூலு அறுந்துட்டு."